ஒரே இடத்தில் நான்கு இரவுகள்

குடும்பத்தோடு கென்யாவுக்கு சஃபாரி போக வேண்டும் என்று எந்தப் பயண நிறுவனத்திடம் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான திட்டம்தான் கைக்கு வரும். நைரோபியில் இறங்கி மறுநாள் காலை அம்போசெலி, அங்கிருந்து நக்குரு ஏரி, அடுத்து மசாய் மாரா, பிறகு நைரோபி திரும்பி விமானம். 6 இரவு, 7 பகல். படிக்கும்போது நிறைவாகத்தான் இருக்கிறது. அதே தாளின் ஓரத்தில், வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். நைரோபியிலிருந்து அம்போசெலிக்குச் சுமார் 4 மணி நேரம். அங்கிருந்து நக்குருவுக்கு 6, 7 மணி நேரம். நக்குருவிலிருந்து மாராவுக்கு 5, 6. மாராவிலிருந்து நைரோபிக்கு மறுபடியும் 5, 6. இடம் மாறுவதற்கே 20 மணி நேரத்துக்கு மேல் போய்விடுகிறது. விலங்கு பார்க்கக் காலையும் மாலையும் சுற்றுவது இந்தக் கணக்கில் சேராது. நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் காட்டிவிடும் கும்பகோணத்து வேன் பயணத்தைப் போன்றது இது; எல்லா இடத்துக்கும் போயிருப்போம், எங்கும் நின்றிருக்க மாட்டோம். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்துவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளை சமாளிக்காது, சமாளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

குழந்தைகளோடு போகிற சஃபாரி ஏன் அடிக்கடி அலுப்பில் முடிகிறது என்று யோசித்தால், குற்றம் குழந்தையிடமும் இல்லை, காட்டிடமும் இல்லை. திட்டத்தை எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது. வழக்கமாக முதலில் விலங்குகள் வருகின்றன: சிங்கம், யானை, காண்டாமிருகம். பிறகு அவை இருக்கும் பூங்காக்கள். பிறகு நாட்கள். கடைசியில்தான், ‘பிள்ளைகள் எப்படிச் சமாளிப்பார்கள்?’ என்ற கேள்வி. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது, பள்ளி விடுமுறை எந்த மாதத்தில் வருகிறது, வயதும் உடம்பும் எதற்கு இடம் கொடுக்கின்றன என்பவை முதலில். அவற்றுக்குப் பொருந்தும் நாடு அடுத்து. விலங்குகள் கடைசியில். இப்படித் தொடங்கினால் திட்டம் பெரும்பாலும் ஒரே வடிவத்தில் வந்து நிற்கும்: குறைந்த இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் கூடுதல் இரவுகள், குடும்பத்துக்கென்று தனி வண்டி. இதனால் பார்க்கும் விலங்குகள் குறைந்துவிடும் என்று பலரும் பயப்படுகிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு.

விலங்குகளின் நாளை எடுத்துக்கொள்வோம். சிங்கம் ஒரு நாளில் சுமார் 20 மணி நேரம் படுத்தே கிடக்கும். வெயில் ஏறியதும் சிவிங்கிப்புலியும் கழுதைப்புலியும் நிழல் தேடி ஒதுங்கிவிடும். காட்டில் நடமாட்டம் என்பது விடிந்து மூன்று நான்கு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரமும்தான். அதனால்தான் சஃபாரி வண்டிகள் காலை 6 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்குத் திரும்புகின்றன. மறுபடி மாலை 4 மணிக்குக் கிளம்புகின்றன. நடுவில் இருக்கும் ஆறு மணி நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் உரியது. சிறு பிள்ளையின் நாளும் கிட்டத்தட்ட இதே அமைப்புத்தான். நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. நைரோபி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. தென்னாப்பிரிக்கா மூன்றரை மணி நேரம். வீட்டில் 7 மணிக்கு எழும் பிள்ளை அங்கே முதல் சில நாட்கள் நாலரைக்கே கண் விழித்துவிடும். விடியற்காலைப் பயணத்துக்குப் பிள்ளையை எப்படி எழுப்புவது என்ற கவலையே வேண்டாம். இரவுச் சாப்பாட்டை மட்டும் 6 மணிக்குத் தரச் சொல்லி முகாமில் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். இவ்வளவு பொருத்தமாக அமைந்த நாளைக் கெடுப்பது இடம் மாறும் பயணம்தான். காலைச் சாப்பாடு முடிந்ததும் மூட்டை கட்டினால், விலங்குகள் வெளியே இருக்கும் நேரம் பாதியில் போகும். பிள்ளை குளத்தில் விளையாட வேண்டிய நேரம் சாலையில் போகும்.

ஒரே இடத்தில் தங்குவதால் கிடைக்கும் லாபம் ஓய்வு மட்டுமல்ல. காலை 9 மணிக்கு ஒரு புதரடியில் சிங்கக் கூட்டம் தூங்கிக்கொண்டிருந்தால், அங்கே ஒரு நாள் மட்டும் தங்குகிறவர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மறுநாளும் அங்கேயே இருக்கிறவர் மாலை 5 மணிக்குத் திரும்பி வருவார். அப்போது குட்டிகள் தாயின் வாலைக் கடித்து விளையாடும், பெரியவை சோம்பல் முறித்து எழும். டிரைவருக்கும் அந்தக் கூட்டம் எந்தப் பக்கம் நகரும் என்பது இரண்டாம் நாளில் கைவந்துவிடும். அம்போசெலியில் சிந்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய யானை ஆய்வு இன்றும் நடக்கிறது. அங்கே ஆய்வாளர்கள் ஒவ்வொரு யானையையும் தனித்தனியாக அடையாளம் காண்பது பெரும்பாலும் காதை வைத்துத்தான். காது மடலின் ஓரத்தில் முள் கிழித்த வெட்டு, ஓட்டை, மடிப்பு, மேலோடும் நரம்புகளின் கோலம் எல்லாம் யானைக்கு யானை வேறுபடும். இதைப் பத்து வயதுப் பிள்ளையும் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் காதின் வெளிக்கோட்டை வரைந்து, கிழிசல் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். மறுநாள் அதே யானையைப் பிள்ளையே கண்டுபிடித்துவிட்டால், அதன் பிறகு காட்டில் அலுப்பு என்ற பேச்சே எழாது. ஆனால் அடையாளம் காண இரண்டாம் முறை பார்த்தாக வேண்டும். ஓரிரவில் ஊர் மாறும் திட்டத்தில் எந்த விலங்கையும் இரண்டாம் முறை பார்க்க முடியாது.

சஃபாரி என்றதும் எல்லோர் வாயிலும் வரும் ‘பிக் ஃபைவ்’ பட்டியலையும் இங்கே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்ற ஐந்தும் துப்பாக்கியோடு நடந்துபோன வேட்டைக்காரர்கள், சுடுவதற்கு எவை ஆபத்தானவை என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. அழகுக்கோ அறிவுக்கோ ஏற்பட்ட வரிசை அல்ல. ஒட்டகச்சிவிங்கிக்கும் வரிக்குதிரைக்கும் அதில் இடமே கிடையாது. குழந்தையின் கண் வேறு உயரத்தில் மேய்கிறது. சாண உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு தலைகீழாக நடக்கும் வண்டு, வாலைக் கொடிக்கம்பம் போல் நிமிர்த்திக்கொண்டு ஓடும் வார்ட்ஹாக் பன்றி, கரையான் புற்றின் ஒவ்வொரு துளையிலிருந்தும் தலை நீட்டும் கீரிக் கூட்டம்: இவற்றின் முன்னால் அரை மணி நேரம் நிற்கப் பிள்ளைகள் தயாராக இருப்பார்கள். பட்டியலை முடித்துக் கொடுத்தால்தான் வந்தவர்கள் திருப்தியாகப் போவார்கள் என்று நினைக்கும் டிரைவரோ, வயர்லெஸ்ஸில் சிறுத்தைச் செய்தி வந்ததும் வண்டியை விரட்டுவார். போய்ச் சேரும்போது பதினைந்து வண்டிகள் ஒரு மரத்தைச் சுற்றி நின்றுகொண்டிருக்கும். எங்களுக்கு ஐந்தும் வேண்டாம், பிள்ளைகள் எங்கே நிற்கச் சொல்கிறார்களோ அங்கே நின்றால் போதும் என்று முதல் நாளே டிரைவரிடம் சொல்லிவிடுவது நல்லது. தனி வண்டி இருந்தால்தான் இந்தச் சுதந்திரம் கிடைக்கும். செலவில் எதைக் குறைத்தாலும் தனி வண்டியைக் குறைக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். கூட்டு வண்டியில் நம் பிள்ளையின் அழுகை பிறருக்குத் தொல்லை; பிறரின் கேமரா ஆசை நம் பிள்ளைக்குத் தொல்லை.

அடுத்தது மாதம். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பெரிய விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முழுக்க நீள்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். நனைந்த கரிசலில் வண்டிச் சக்கரம் என்ன பாடுபடும் என்று கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில முகாம்கள் அந்த மாதங்களில் மூடியே கிடக்கும். மே மாதத்துக்குக் கென்யா மலிவாகக் கிடைக்கிறது என்றால் காரணம் இதுதான். அதே மே மாதத்தில் தெற்கு ஆப்பிரிக்காவில் மழை ஓய்ந்து வறட்சி தொடங்கியிருக்கும். புல் வாடித் தணியும், குட்டைகள் வற்றும், விலங்குகள் மிச்சமிருக்கும் தண்ணீரைத் தேடி வரத் தொடங்கும். ஆகவே பெரிய விடுமுறைக்குத் தென்னாப்பிரிக்கா அல்லது நமீபியா என்பதே சரியான விடை. காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வருகிறது. தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து வந்த லட்சக்கணக்கான வைல்டுபீஸ்ட் மான்களில் பெரும்பகுதி அப்போது மாராவிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். 9 நாள் விடுமுறைக்குக் கென்யா கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அவை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியை நம்பித் திட்டம் போடக் கூடாது. கரையில் கூட்டம் கூடிய பிறகும் ஒரு மணி நேரத்தில் இறங்கலாம், நாள் முழுக்க நின்றுவிட்டுத் திரும்பியும் போகலாம். முதலைக்கும் வைல்டுபீஸ்ட்டுக்கும் நடுவிலான அந்தக் காத்திருப்பு ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏற்றதல்ல. பள்ளிக்கு ஒரு வாரம் விடுப்புச் சொல்லத் துணிந்தவர்களுக்குப் பிப்ரவரியில் தான்சானியாவின் இண்டூட்டு சமவெளி இருக்கிறது. வைல்டுபீஸ்ட்கள் மொத்தமாகக் குட்டி ஈனும் இடம் அது. பிறந்த குட்டி சில நிமிடங்களில் தள்ளாடி எழுந்து தாயோடு ஓடத் தொடங்குவதைப் பார்க்க எந்தக் குழந்தைக்கும் பொறுமை தேவைப்படாது.

உடம்பு என்ற இடத்தில் வந்து நிற்பது மலேரியா. இதில் சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை. ஆப்பிரிக்காவில் மலேரியாவால் இறப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நோய் எதிர்ப்புப் பழக்கமில்லாத நம் குழந்தைகளுக்கும் இந்த வயதில்தான் ஆபத்து அதிகம். மருந்தை அளந்து கொடுப்பதும், காய்ச்சலைச் சரியாக இனம் காண்பதும் இந்த வயதில்தான் சிரமம். எனவே ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் மலேரியா இல்லாத காடுகளுக்குப் போவதே முறை. தென்னாப்பிரிக்காவில் அப்படிப் பல உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்தில் பிலானஸ்பர்க்; அதற்கு அப்பால் போட்ஸ்வானா எல்லையோரம் மடிக்வே; தெற்குக் கடற்கரைப் பக்கம் ஆடோ யானைப் பூங்கா. ஆடோ 1931-இல் தொடங்கியபோது அங்கே மிஞ்சியிருந்தவை 11 யானைகள்; இன்று 600-க்கும் மேல். பெரிய பிள்ளைகளோடு மலேரியாப் பகுதிக்குப் போகிறவர்கள், எடைக்கு ஏற்ற தடுப்பு மாத்திரையைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே தொடங்க வேண்டும். திரும்பிய பிறகு மருத்துவர் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். இந்தக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. அந்த நேரத்தில் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி, வலை மூன்றும் கட்டாயம். ஊர் திரும்பிச் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய் வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேறு கணக்கு. கென்யா, உகாண்டா போன்ற நாடுகளிலிருந்து இந்தியா திரும்புகிறவரிடம் அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால், விமான நிலையத்திலிருந்து நேரே தனிமைப்படுத்தும் இடத்துக்குக் கொண்டுபோக அதிகாரிகளுக்கு உரிமை உண்டு; அந்தத் தனிமை 6 நாட்கள் வரை நீளலாம். ஊசி போட்டு 10 நாட்கள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி போடுவதில்லை. ஆகவே கைக்குழந்தையோடு கென்யாவுக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்த ஒரு விதியே போதிய பதில். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது என்பதால் தேதி கேட்டு முன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்கு நேரே போய் வருகிறவர்களுக்கு இது தேவைப்படாது. வழியில் நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ 12 மணி நேரத்துக்கு மேல் தங்கிப் போனால் தென்னாப்பிரிக்காவும் சான்றிதழ் கேட்கும். விமான டிக்கெட்டில் சில ஆயிரம் மிச்சம் என்று நீண்ட இடைத்தங்கலைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

காடுகளும் முகாம்களும் விதிக்கும் வயது வரம்புகளைப் பெற்றோர் பலர் வெறும் சம்பிரதாயமாக நினைத்துக்கொள்கிறார்கள். தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்களின் திறந்த வண்டிப் பயணங்களில் 6 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. காட்டுக்குள் நடந்து போக 12 வயது வேண்டும். உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் மலைக் கொரில்லாவைப் பார்க்க 15 வயது. திறந்த வண்டியில் எழுந்து நிற்பதும், திடீரென்று கத்துவதும், முகாமுக்குள் ஓடுவதும் கொன்றுண்ணிகளை உசுப்பும் காரியங்கள். இவற்றைச் செய்யாதே என்று சொன்னால் கேட்கும் வயது எது என்பதுதான் அந்த எண்களுக்குப் பின்னால் உள்ள கணக்கு. பல முகாம்களுக்கு வேலி கிடையாது. இரவில் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே நீர்யானை மேயும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்வரக் காவலர் துணைக்கு வருவார். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் வேலியுள்ள இடத்தையும், பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தூங்கும் குடும்ப அறையையும் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துக் கூடாரம் என்பது போதாது.

வரம்புக்குள் வராத வயதென்றால் வழியே இல்லை என்று அர்த்தமல்ல. தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் சொந்தமாகவோ வாடகைக்கோ எடுத்த காரை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம், குறிப்பிட்ட இடங்களைத் தவிர எங்கும் இறங்கக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அங்கே தடையில்லை. மலேரியாப் பகுதி என்பதால் மருத்துவரின் யோசனை மட்டும் அவசியம். அது வேண்டாம் என்பவர்களுக்கு இதே வசதி பிலானஸ்பர்க்கிலும் உண்டு. பிள்ளைக்குத் தூக்கம் வந்தால் திரும்பிவிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. நமீபியாவின் எடோஷா பூங்காவில் ஒகாகுயெயோ முகாமை ஒட்டியே ஒரு நீர்க்குட்டை இருக்கிறது. இரவில் விளக்கு வெளிச்சம் உண்டு. தாழ்ந்த சுவருக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் யானையும் காண்டாமிருகமும் தாமாகத் தண்ணீர் குடிக்க வரும். வண்டியே வேண்டாம், பிள்ளை நடுவில் போய்த் தூங்கிவிட்டுத் திரும்பியும் வரலாம். கென்யாவில் மேற்கூரை மட்டும் உயரும் வண்டிகளே அதிகம்; பக்கங்கள் மூடியிருப்பதால் சிறுவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் ஏறி நின்று பார்க்கலாம்.

இதற்கெல்லாம் எழும் முதல் மறுப்பு பணம் சார்ந்தது. இத்தனை லட்சம் செலவழித்து வாழ்நாளில் ஒருமுறை போகிறோம், போன இடத்தில் எல்லாவற்றையும் பார்க்காமல் ஒரே இடத்தில் முடங்குவதா? நியாயமான கேள்விதான். மூன்று பூங்காத் திட்டத்துக்கு மாற்றாக, நைரோபியில் 2 இரவு, மாராவில் 4 இரவு என்று வைத்துப் பார்ப்போம். சாலைப் பயணம் 10 முதல் 12 மணி நேரமாகக் குறைகிறது, கிட்டத்தட்டப் பாதி. இழப்பது என்ன? நக்குருவுக்குப் போவது காண்டாமிருகத்துக்கும் பூநாரைக்கும். 1946-இல் ஏற்பட்ட நைரோபி தேசியப் பூங்கா, நகரின் விளிம்பிலேயே 117 சதுர கிலோமீட்டரில் இருக்கிறது; காண்டாமிருகம் அங்கேயே உண்டு. நக்குருவிலோ ஏரி நீர்மட்டம் உயர்ந்ததில் பழைய பூநாரைக் கூட்டங்கள் வேறு ஏரிகளுக்குக் கலைந்து போய்விட்டன. அம்போசெலியின் கிளிமஞ்சாரோப் பின்னணி மாராவில் கிடைக்காது என்பது உண்மை. யானை கிடைக்கும். நைரோபியில் கூடுதலாகக் கிடைப்பவை, குழந்தைகளுக்கென்றே அமைந்தது போன்ற இரண்டு இடங்கள். தாயை இழந்த யானைக்குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கு அனுப்பும் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையில், முன்பதிவு செய்தவர்கள் காலை 11 மணிக்குக் குட்டிகள் புட்டிப்பால் குடித்துச் சேற்றில் புரளுவதைப் பார்க்கலாம். ஒட்டகச்சிவிங்கி மையத்தில் அதன் முகத்துக்கு நேர் உயரத்தில் மேடை கட்டியிருக்கிறார்கள். பிள்ளை தன் கையாலேயே தீனி கொடுக்கலாம்.

செலவும் பெரிதாகக் கூடாது. கூடுகிற இடம் தெரிந்தால் குறைக்கவும் முடியும். மசாய் மாராவில் 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜனவரி–ஜூனில் 100 டாலர், ஜூலை–டிசம்பரில் 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர்; 8 வயது வரை இலவசம். அப்பா, அம்மா, 11 வயதுப் பிள்ளை, 7 வயதுப் பிள்ளை என்ற குடும்பத்துக்கு முதல் பாதியில் நாளுக்கு 250 டாலர், இரண்டாம் பாதியில் 450. கட்டணம் மாறக்கூடியது, புறப்படும் முன் மறுபடி விசாரிக்க வேண்டும். ஆனால் இந்த அமைப்பு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பூங்காவுக்குள் கழியும் ஒவ்வொரு நாளுக்கும் பெரிய தொகை கொடுக்கிறோம். அரை நாள் மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடும் திட்டத்தில் அந்தத் தொகையில் பாதி வீண். நான்கு முழு நாட்கள் இருப்பவர் கொடுத்த காசுக்கு ஈடாகப் பார்க்கிறார். சாலைப் பயணம் அறவே வேண்டாம் என்பவர்கள் நைரோபி வில்சன் நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் மாரா போய்விடலாம். இரண்டு பூங்காக் கட்டணத்தை மிச்சம் பிடித்தால் அந்த டிக்கெட்டில் ஒரு பகுதி தேறும். ஒரு நிபந்தனை: ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் சக்கரமில்லாத துணிப்பையில்.

இரண்டாவது மறுப்பு, சின்னப் பிள்ளைக்கு எதுவும் நினைவிருக்காது என்பது. மூன்று வயதுப் பிள்ளையைப் பற்றி இது சரி. அந்த வயதில் போகிறவர்கள் தங்களுக்காகத்தான் போகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டு, மலேரியா இல்லாத எளிய இடமாகப் பார்த்துப் போகலாம். அல்லது ஏழு வயது வரை பொறுத்திருக்கலாம். காத்திருப்பதில் நஷ்டம் எதுவுமில்லை. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள வயதோ கேள்வி கேட்கும் வயது, கணக்கெடுக்கும் வயது, ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் அதைத் தேடும் வயது. மூன்றாவது மறுப்பு இன்னும் அடிப்படையானது: முதுமலை பக்கத்திலேயே இருக்கும்போது கடல் தாண்டிப் போக வேண்டுமா? அடர்ந்த காட்டில் யானையின் முதுகு ஒரு கணம் தெரிந்து மறையும். அதற்கும் ஓர் அழகு உண்டு. ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு கூட்டத்தின் வாழ்க்கையைத் தொடக்கம் முதல் முடிவு வரை மறைவில்லாமல் பார்க்கலாம். இரண்டும் வேறு அனுபவங்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல. ஆனால் முதுமலைக்கு முதலில் போய் வருவது மிக நல்ல ஒத்திகை. அங்கே வண்டிப் பயணத்தில் பிள்ளை சலித்துப்போனால், லட்சங்களைச் செலவழிக்க இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாம் என்பது அந்தச் சில நூறு ரூபாயிலேயே தெரிந்துவிடும்.

கொல்லும் காட்சியைப் பிள்ளை பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற தயக்கமும் உண்டு. சிங்கத்தின் துரத்தல்களில் பெரும்பாலானவை தோல்வியில்தான் முடிகின்றன. முழு வேட்டையையும் நேரில் பார்ப்பது அபூர்வம். தின்று முடிக்காத உடலையும் அதைச் சுற்றிக் காத்திருக்கும் கழுகுகளையும் பார்ப்பது சகஜம். புறப்படும் முன்பே, சிங்கம் புல் தின்னாது, அதன் குட்டிகளும் பட்டினி கிடக்கும் என்று பேசிவைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பெரியவர்களைவிட நிதானமாக இதை ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காத பிள்ளைக்கு வண்டியைத் திருப்பிவிடலாம். தனி வண்டியின் பயன் இங்கேயும் தெரிகிறது.

மூட்டை கட்டுவதில் நம் வழக்கம் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்ற எண்ணத்தில் ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. மாரா கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டருக்குக் குறையாத உயரம். காலை ஆறு மணிக்குக் கூரை திறந்த வண்டியில் ஊட்டிக் குளிர் அடிக்கும். துணிகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அடுக்கவும் கூடாது. கென்யா 2017-இலும் தான்சானியா 2019-இலும் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்துவிட்டன. கென்யப் பூங்காக்களுக்குள் ஒருமுறை உபயோகித்து எறியும் தண்ணீர் பாட்டிலும் கூடாது. துணிப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் போதும். கடிக்கும் செட்சி ஈ கருநீலத்தையும் கறுப்பையும் தேடி வரும் என்பதால் வெளிர் காக்கி, சாம்பல் நிற உடைகள் நல்லது. பைனாகுலர் பிள்ளைக்குத் தனியாக ஒன்று இருக்க வேண்டும். அப்பாவிடம் வாங்கிப் பார்ப்பதற்குள் பறவை பறந்துவிடும். கழிப்பறை காட்டுக்குள் அரிது. டிரைவர் இறங்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்ன பிறகு வண்டியின் பின்சக்கரத்துக்கு அருகிலேயே முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். தலைமுறைகளாக இந்தியர்கள் வாழும் கென்யாவில் சப்பாத்தியும் சமோசாவும் பால் டீயும் உள்ளூர் உணவாகவே ஆகிவிட்டன. சைவம் என்பதை முன்பதிவிலேயே எழுதிக் கொடுத்தால் போதும். முகாமில் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் மட்டும் குரங்கு பிடுங்கிக்கொண்டு போகும்.

ஆகவே பயண நிறுவனத்திடம் பேசப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: பிள்ளையின் வயது, விடுமுறை விழும் மாதம், பிள்ளை அழாமல் தொடர்ந்து வண்டியில் உட்காரக்கூடிய நேரம், குழந்தை மருத்துவர் மலேரியாவைப் பற்றிச் சொன்னது. எந்த நாடு, எந்தக் காடு என்பதை இந்த நான்கும் சேர்ந்து முடிவு செய்துவிடும். திட்டம் கைக்கு வந்ததும் பூங்காக்களின் பெயர்களை விட்டுவிட்டு, இடம் மாறும் மணி நேரங்களைக் கூட்டுங்கள். ஒரு வாரத்தில் 12 மணி நேரத்தைத் தாண்டினால் ஓர் ஊரை அடியுங்கள். இன்னும் தாண்டினால் இன்னொன்றையும் அடியுங்கள். அப்படி அடித்த ஊர்களுக்கு, பிள்ளை வளர்ந்து தானே கேட்கும்போது போய்க்கொள்ளலாம். ஒரே இடத்தில் நான்கு இரவு தங்கிச் சலிக்காமல் திரும்பிய பிள்ளைதான் அப்படிக் கேட்கும்.